என் பெயரில் ஒரு சூதாட்ட சைட்

சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து குழுக் கண்காட்சி வைத்திருந்தோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர், அளவு, விலை, அப்புறம் அவரவர் வெப்சைட்டுக்கு ஒரு க்யூஆர் கோடு. இரண்டாம் நாள் மதியம் ஒரு பெரியவர் என் வாட்டர்கலர் ஒன்றின் முன் ரொம்ப நேரம் நின்றார். போனை எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "என்னம்மா, உன் பேரு விற்பனைக்குன்னு வருது?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். என் பெயர், டாட் காம், அதற்குக் கீழே 'இந்த டொமைன் (அதாவது வெப்சைட் முகவரி) விற்பனைக்கு இருக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அன்று முழுக்க ஒவ்வொரு லேபிளிலும் க்யூஆர் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்து, இரண்டு மூன்று கண்காட்சிகளில் தலைகாட்டிய நேரம். எந்த கேலரிக்கு மெயில் அனுப்பினாலும் "வெப்சைட் இருக்கா?" என்றார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவர் மெசேஜ் செய்தார்: வளரும் ஓவியர்களுக்கென்றே ஒரு பேக்கேஜ், வெப்சைட், படங்களைப் போட்டோ எடுப்பது, ஃபாலோயர்ஸ் ஏற்றித் தருவது எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய். பேசினால் மரியாதையாகத்தான் பேசினார். பில் கேட்டேன், "அப்புறம் அனுப்பறேன் மேடம்" என்றார். இன்றுவரை வரவில்லை. ஒப்பந்தமா? வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகள்தான்.

போட்டோவிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஃபிரேமைக் கழற்றாமல், கண்ணாடியோடு, ஹால் ட்யூப்லைட்டின் கீழ் வைத்து எடுத்தார். காவி மண் நிறத்தில் நான் மூன்று வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போட்டு ஏற்றிய ஒரு பழைய அக்ரஹாரத்துச் சுவர், சைட்டில் பாசி பிடித்த மாதிரி பச்சையாகத் தெரிந்தது. படத்தின் குறுக்கே ட்யூப்லைட்டின் வெள்ளைக் கோடு வேறு. கேட்டதற்கு "உங்க மொபைல் டிஸ்ப்ளே அப்படி" என்றார். நானும் சரி என்று விட்டேன், என்னத்தைச் சொல்ல.

ஃபாலோயர்ஸ் பத்தே நாளில் 340-லிருந்து 9,000-ஐத் தாண்டியது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று காட்டும், அதைத் திறந்தால் முதலில் இஸ்தான்புல், அடுத்து ஜகார்த்தா, சென்னை ஐந்தாவது இடம். போஸ்டுக்கு லைக் மட்டும் அதே 20, 25. ஒரு கேலரிக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார், "காசு குடுத்து வாங்கினதா?" அதற்கு என்ன பதில் சொல்வது.

ஆனால் பெரிய அடி டொமைனில்தான். பதினோராவது மாதம் 'மெயின்டனன்ஸ்' என்று 18,000 கேட்டார். ஒரு டாட் காமைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். லாகின் கொடுங்கள், நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்கு எதுக்கு?" மறுபடி கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். டொமைன் விற்ற கம்பெனிக்கு எழுதினேன். கணக்கு யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், உங்களோடு நாங்கள் பேச முடியாது என்று பதில். டொமைனில் இருப்பது என் பெயர், கணக்கு அவருடையது. அது காலாவதியான பிறகுதான் அந்தப் பெரியவர் ஸ்கேன் செய்தார்.

கண்காட்சி முடிந்ததும் சைட் செய்து தந்தவர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டு 40,000 கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. டாட் காம் காலாவதியானாலும் உடனே பொதுவுக்கு வராது. விற்ற கம்பெனி கொடுக்கும் அவகாசம், அப்புறம் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள் கழித்துத்தான் விடுபடும். விடுபட்டதும் பிடித்துவிடலாம் என்று நாள்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருந்தேன். இதற்கென்றே ப்ரோக்ராம் வைத்துக் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு முன்னால் எவனோ எடுத்துவிட்டான். இப்போது அங்கே சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது.

"சைட்ல இருக்கற போட்டோ எல்லாம் எங்களுது, வேற எங்கயும் போடக்கூடாது" என்றும் சைட் செய்து தந்தவரிடமிருந்து ஒரு மிரட்டல். வக்கீல் தோழி சிரித்தாள். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். (அதே பிரிவு நமக்கும் ஆப்பு: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்து கொடுக்கும் ஓவியத்துக்கும் இதே கதைதான். ஆர்டர் எடுக்கும்போது காப்புரிமை எனக்கே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

1930-க்கு அழைத்து சைபர் க்ரைமில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாய்ஸ் நோட் எல்லாம் சேர்த்து. இதுவரை பதில் இல்லை.

இப்போது டாட் இன் ஒன்று என் மெயில், என் கார்டு, என் போனுக்கு ஓடிபி என்று நானே வாங்கியிருக்கிறேன். யாராவது சைட் செய்து தருகிறேன் என்றால் செய்யட்டும், டொமைனை மட்டும் நீங்கள் உட்கார்ந்து வாங்குங்கள், பத்து நிமிட வேலை. ஏற்கெனவே செய்து வாங்கியவர்கள் இன்று ராத்திரியே லாகின் கேட்டுப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம். படங்களையும் மொட்டை மாடி நிழலில், கண்ணாடி இல்லாமல், போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து நானே எடுத்தேன். சுவர் காவியாக வந்துவிட்டது.

என் பழைய விசிட்டிங் கார்டு யாரிடமாவது இருந்தால் அதிலிருக்கும் முகவரிக்குத் தயவுசெய்து போகாதீர்கள். 500 அடித்தேன், பாதிக்கு மேல் கொடுத்துவிட்டேன்.