கிளிகள்கூட வேலை செய்யும் புதையல் கதை

மூழ்கிய கப்பல், ஆளில்லாத் தீவு, சுறா, காது மந்தமான விஞ்ஞானி. சாகசக் காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே வரைந்த, இளம் நிருபர் டின்டினின் சாகச வரிசையில் 1944-ல் புத்தகமாக வந்த 'ரெட் ராக்காமின் புதையல்' இவற்றில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அப்படியும் என் பத்து வயது மகள் 62 பக்கங்களையும் ஒரே மூச்சில் முடித்தாள்.

ஹெர்ஜே எதையும் அலங்காரத்துக்காக வைப்பதில்லை. தீவில் கிளிகள் இருக்கின்றன. டின்டினின் நண்பர் கேப்டன் ஹேடாக்கின் முன்னோர் வாயில் வந்த வசவுகளை அவை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன! அவர் அங்கே வாழ்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

எனக்கு மிகவும் பிடித்தது தீவு கிடைக்காமல் போகும் இடம். அந்த முன்னோர் விட்டுச்சென்ற குறிப்பில் சொன்ன புள்ளிக்கு டின்டின் குழுவின் கப்பல் போய்ச் சேர்கிறது, சுற்றிலும் தண்ணீர்தான். மற்ற கதைகளில் இங்கே ஒரு வில்லனோ சாபமோ வந்திருக்கும். இதில் காரணம் தீர்க்கரேகை. இவர்கள் கிரீன்விச்சிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். முன்னோர் பாரிஸிலிருந்து எண்ணியிருக்கிறார். கிரீன்விச் பொதுவான தொடக்கக் கோடாக ஏற்கப்பட்டதே 1884-ல்தான். இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 2 பாகை 20 கலை; அந்தக் கடற்பகுதியில் அது 200 கிலோமீட்டருக்கு மேல். டின்டின் இதை யோசித்துக் கண்டுபிடிக்கும்போது படிக்கிற பிள்ளையும் கூடவே யோசிக்க முடிகிறது. மகள் உடனே அட்லஸைத் தேடிப் போனாள்.

பேராசிரியர் கால்குலஸ் அறிமுகமாவதும் இதில்தான். வேண்டாம் என்று சொன்ன பிறகும், கேப்டனின் விஸ்கிப் பெட்டிகளில் தன் சுறா வடிவ நீர்மூழ்கியின் பாகங்களை அடைத்துக் கப்பலேற்றிவிடுகிறார். மறதிக்கார விஞ்ஞானி என்ற பழைய அச்சுக்குள் இவ்வளவு பிடிவாதம் இருப்பதால்தான் அவர் மனதில் நிற்கிறார்.

குறையும் உண்டு. பெயர் சொல்லும்படி ஒரு பெண் பாத்திரம் இல்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. துப்பறியும் இரட்டையர் தடுக்கி விழுவதும் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் ஒன்று: இது இரண்டாம் பாகம். யூனிகார்ன் கப்பலின் கதையைச் சொல்லும் முதல் பாகத்தை முதலில் வாங்குங்கள், புதையலின் இடத்தைச் சொல்லும் தோல் சுருள்கள் மூன்றும் அதில்தான் ஒன்று சேர்கின்றன. பெரிய அளவுப் பதிப்பாகப் பாருங்கள்; சிறிய அச்சில் கடலடிப் பக்கங்களின் நுணுக்கம் காணாமல் போய்விடும்.