ஊனோவுக்கு இரண்டு சீரியல் போர்ட் கூட்டினேன்: மூன்று மாரி கண்ட அனுபவம்

யாழ்ப்பாணம் உரும்பிராயில் சித்தப்பாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுக்கு நான் செய்துகொடுத்த பெட்டி மூன்று மாரி தாண்டிவிட்டது. தண்ணீர் மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து, உவர்ப்பு ஏறினால் மோட்டரை நிறுத்தி, அவருடைய ஃபோனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் நல்ல தண்ணீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, கூட இறைத்தால் கீழே கிடக்கிற உவர் ஏறிவிடும், பிறகு அந்தத் தண்ணீரை வெங்காயத்துக்கு விட முடியாது.

மூளை ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. அதன் ஏடிமெகா328பி சிப்பில் உண்மையான யுஆர்ட் (சீரியல் போர்ட்டை ஓட்டும் சுற்று) ஒன்றுதான், அதுவும் கணினியோடு பேசவே போய்விடுகிறது. சென்சர்களுக்கு ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்பி வாங்கும் ஜிஎஸ்எம் மொடியூலுக்கு ஒன்று வேண்டியிருந்ததால் தொடக்கத்தில், சாதாரணக் கால்களை நிரலாலேயே சீரியல் போர்ட்டாக்கும் சொஃப்ட்வெயர் சீரியல் லைப்ரரியில் ஓட்டினேன். மேசையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்த லைப்ரரி ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டைத்தான் கேட்கும், சென்சரின் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் ஜிஎஸ்எம் பக்கம் வருவதெல்லாம் காற்றோடு போய்விடும். ஒரு நாள் சித்தப்பா அனுப்பிய நிறுத்தச் சொல்லும் எஸ்எம்எஸ் அப்படிப் போய், மோட்டர் இரவு முழுக்க இறைத்தது. "தம்பி, நான் மெசேஜ் போட்டனான், உன்ர பெட்டி கேக்கேல்லை" என்று காலையில் அவர் சொன்னபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அப்புறம்தான் எஸ்சி16ஐஎஸ்752 சிப் உள்ள பலகை ஒன்று வாங்கினேன். சிப்புகள் தமக்குள் பேசும் ஐ2சி-யின் இரண்டு வயரில் இணைத்தால் இரண்டு முழு யுஆர்ட் கிடைக்கும். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது ஃபைஃபோ, அதாவது பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்தான். ஒவ்வொரு சானலிலும் வருவதற்கு 64 பைட், போவதற்கு 64 பைட் இடம் இருக்கிறது. 9600 பௌடில் (செக்கனுக்கு 9600 பிட்) 64 பைட் நிரம்ப 66 மில்லிசெக்கன் அளவில் எடுக்கும், அவ்வளவு நேரம் ஊனோ வேறு அலுவல் பார்த்துவிட்டு வந்தாலும் ஓர் எழுத்தும் சிந்தாது.

முதல் வாரம் குப்பை எழுத்துத்தான் வந்தது. வயரை மாற்றினேன், சோல்டரைத் திரும்ப வைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் சிப்புக்கு நேரத் துடிப்புக் கொடுக்கும் கிறிஸ்டலின் வெள்ளித் தலையில் 1.8432 என்று பொறித்திருந்தது. லைப்ரரியோ 14.7456 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. சரியாக எட்டு மடங்கு வித்தியாசம், 9600 கேட்டால் சிப் 1200-இல் பேசுகிறது. அந்தத் துடிப்பை வகுத்து பௌட் வேகத்தை எடுக்கும் எண்ணை 96-இலிருந்து 12 ஆக்கியதும் சுத்தமாக வந்தது. இந்தச் சிப் 3.3 வோல்ட்டுக்கானது, ஊனோ 5 வோல்ட் என்பதால் ஐ2சி வயரில் வோல்ட்டை மாற்றிக்கொடுக்கும் லெவல் ஷிஃப்டர் ஒன்றும் போட்டேன்.

பெட்டியும் மோட்டர் சுவிட்சும் வீட்டு விறாந்தையில், சென்சர்கள் கிணற்றில், நடுவில் 80 மீற்றர் வயர். அதற்கு, ஒரே வயர்ச் சோடியில் நீண்ட தூரம் மாறி மாறி அனுப்பி வாங்கும் ஆர்எஸ்-485 முறை, அதை ஓட்ட மக்ஸ்485 சிப். அனுப்பி முடிந்த பிறகுதான் அனுப்பும் வழியைத் திறக்கிற அதன் டிஇ காலை இறக்க வேண்டும், கொஞ்சம் முந்தினாலும் சென்சரோடு பேசும் மொட்பஸ் செய்தியின் கடைசி சிஆர்சி (பிழை பார்க்கும்) பைட் அறுந்து சென்சர் பதில் சொல்லாது. 752-இல் ஈஎஃப்சிஆர் என்ற அமைப்பு ரெஜிஸ்டரின் 4-ஆம் பிட்டை ஏற்றிவிட்டால், டிஇ-யோடு இணைத்த அதன் ஆர்டிஎஸ் கால் தானே இந்தத் திசைமாற்றத்தைச் செய்யும். ஆனால் அனுப்பும்போது அந்தக் கால் தாழ்ந்து நிற்கும், மக்ஸ்485-க்கோ உயர்ந்து நிற்க வேண்டும், ஆகவே அதைத் தலைகீழாக்கும் 5-ஆம் பிட்டையும் ஏற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் போனது.

இன்னொன்று, கடையில் வாங்கும் 485 மொடியூல் பலவற்றில் வயர் நுனியில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும். அப்படி மூன்றைத் தொடுத்தால் சேர்த்து 40 ஓம், சிப்பால் அதை ஒழுங்காகத் தள்ள முடியாது. இரண்டு நுனியிலும் மட்டும் விட்டு நடுவில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள்.

மாரி இடியில் இரண்டு மக்ஸ்485 செத்தன, 752-க்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏ, பி வயர்களில் மின்பாய்ச்சலைத் தடுக்கும் எஸ்எம்712 டையோடு போட்டிருக்கிறேன், மக்ஸ்485-ஐயும் ஐசி சொக்கெட்டில்தான் வைத்திருக்கிறேன், மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்கு யுஆர்ட் உள்ள பெரிய ஆர்டுயினோ பலகையான மேகா2560 போதாதா என்று கேட்பார்கள். போதும், ஆனால் அதன் ஹார்ட்வெயரில் வருகிற பைட்டுக்கு இடம் இரண்டுதான், நிரலை நெடுநேரம் வேறெங்கும் நிறுத்தி வைக்காமல் எழுத வேண்டும். கூடுதலாக ஒரே ஒரு போர்ட் போதுமென்றால் இதே குடும்பத்தின் 750-ஐ எடுங்கள்.