ராமநாதபுரத்துல வாங்குன அபிஸ்டோ ஜோடி, அஞ்சு மாசம் கழிச்சு என் ரிவ்யூ

கீழக்கரையில இருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் போயி ஒரு சின்ன மீன் கடையில காக்கட்டூ அபிஸ்டோ, அதாவது கண்ணாடித் தொட்டியில வளக்குற ஒரு சின்ன கலர் மீன், ஒரு ஜோடி 1200 ரூபாக்கு வாங்குனேன். நான் போனது ப்ளூ ராம்னு இன்னொரு மீன் வாங்கத்தான், ஆனா கடைக்கார அண்ணே முதல்ல கேட்டதே "வீட்டுல என்ன தண்ணி?"ன்னுதான். போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்க உப்போட அளவு) 2800 காட்டுதுன்னு சொன்னதும் "அதுல ராம் ஒரு வாரம் தாங்காதுண்ணே, காக்கட்டூ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுக்கும் கேன் தண்ணிதான் ஊத்தணும்"னாரு. விக்கிறதுக்காக பொய் சொல்லாத கடை, அதுக்கே நாலு ஸ்டார் தரலாம்.

கேன் தண்ணியில கைப்பிடி அளவு போர் தண்ணி கலந்து, தெருவுல உதிர்ந்த வாதாம் இலையை காயவச்சு போட்டு, ஒரு பக்கம் ஓட்டை போட்ட சிரட்டையை கவுத்து வச்சேன். ரெண்டாவது மாசம் பொட்டை திடீர்னு மஞ்சளடிச்ச மாதிரி ஆயிருச்சு, ஆணைப் பார்த்தாலே விரட்டுது, டார்ச் அடிச்சுப் பார்த்தா சிரட்டைக்குள்ள மேல்பக்கம் செவப்பா முட்டை ஒட்டியிருக்கு! ஆணை வேற தொட்டிக்கு மாத்திட்டேன். மூணு நாள்ல பொரிச்சு, அதுக்கப்புறம் அஞ்சாறு நாள்ல குஞ்செல்லாம் அம்மா பின்னாடி மேகம் மாதிரி நீந்த ஆரம்பிச்சுச்சு.

இங்கதான் கோவம். அதே கடையில டப்பாவுல இருந்து பிரிச்சு பாக்கெட் போட்டு வித்த ஆர்டீமியா முட்டை (மீன் குஞ்சுக்குத் தீனியா பொரிக்கிற குட்டி இறால் மாதிரி பூச்சியோட முட்டை), உப்புத் தண்ணியில போட்டு 24 மணி நேரம் காத்து விட்டும் பத்துல ஒண்ணு கூட பொரியல, ஈரக்காத்து பட்டு கெட்டுப்போயிருக்கும் போல. வாயில்லா ஜீவன் முப்பது நாப்பது பசியில கெடக்குது, நான் கைய பெசைஞ்சுட்டு நிக்கிறேன். மறுநாளைக்குள்ள பாதி குஞ்சு போச்சு. கூட்டாளி ஒருத்தன் சீல் பிரிக்காத டப்பா கொடுத்துதான் மிச்சத்தைக் காப்பாத்துனேன். அதைப் பொரிக்க உப்புக்கு அலையல, கடல் தண்ணி மூணு பங்கு, நல்ல தண்ணி ஒரு பங்கு, துணியில வடிகட்டி ஊத்துனா போதும், கடற்கரையில இருக்கறதுக்கு இதாவது லாபம். பொரிச்சதை நல்ல தண்ணியில அலசிட்டுத்தான் குஞ்சுக்குப் போடணும். ஆரஞ்சு கலர்ல வயிறு உப்பி நிக்கிறதைப் பார்த்தா சோறு இறங்கும்.

இப்போ பதினாலு பெருசாயிருக்கு, அதுல பத்து ஆண். தண்ணி சூடா இருந்தா அபிஸ்டோல ஆண் அதிகமா வரும், நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு தொட்டி 30 டிகிரிக்கு கீழ இறங்கவே இல்ல, அதுக்கு கடையை குத்தம் சொல்ல முடியாது.

பாக்கெட்டை எடுத்துட்டுப்போய்க் காட்டுனேன், அண்ணே முகம் சுருங்கி காச திருப்பிக் கொடுத்துட்டாரு, ஆனா ராக்குல அதே பாக்கெட் இன்னும் தொங்குது. மீனுக்குப் போங்க, ஆர்டீமியாவுக்குப் போகாதீங்க. ஆண் அபிஸ்டோ வேணும்னா எங்கிட்ட இருக்கு, வாங்க.