பேக்கரா, இமேஜ் பில்டரா, பூட்சியா? லினக்ஸ் சர்வர் இமேஜ் கட்டும் மூன்று வழிகள்

நிறுவிக்கான பதில்களை எழுதிவைத்த கிக்ஸ்டார்ட் கோப்பையும் நெட்வொர்க் வழியே எழும் பிஎக்ஸ்இ பூட்டையும் வைத்து ரெட்ஹேட் லினக்ஸ் சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுவும் பழைய முறை இன்றும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் திங்கட்கிழமை நிறுவிய சர்வரும் வெள்ளிக்கிழமை நிறுவியதும் ஒன்றுபோல இருக்காது. நடுவில் ரெப்போவில் (பேக்கேஜ் சேமிப்பகத்தில்) பேக்கேஜ்கள் மாறியிருக்கும். இமேஜை, அதாவது எல்லாம் நிறுவி முடித்த வட்டின் நகலை, ஒருமுறை கட்டிச் சோதித்து அதையே எல்லா இடத்திலும் இறக்கினால் இந்தத் தொல்லை தீரும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கட்டும் வசதியை மட்டும் பார்க்கிறார்கள். அடுத்த மாதப் பேட்ச் ஓடும் சர்வருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பேக்கர்

ஹாஷிகார்ப் நிறுவனத்தின் இந்தக் கருவி ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்பி, ஐஎஸ்ஓவில் பூட் செய்து, விசைப்பலகையில் ஆள் தட்டுவதுபோலவே பூட் கட்டளையைத் தட்டுகிறது. கிக்ஸ்டார்ட் கோப்பைத் தன் சொந்த ஹெச்டிடிபி சர்வரிலிருந்து கொடுக்கிறது. நிறுவல் முடிந்ததும் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து ஷெல் ஸ்கிரிப்டையோ ஆன்சிபிள் என்ற தானியங்கு அமைப்புக் கருவியையோ ஓட்டி, மெஷினை அணைத்து வட்டை எடுத்து வைக்கிறது. ஓடும் மெஷின் என்பதால் உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். விண்டோஸ், உபுண்டு, விஎம்வேர், கிளவுட் எல்லாவற்றுக்கும் ஒரே கருவி.

க்யூஇஎம்யூ என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளை ஓட்டும் பேக்கர் பில்டரில் இயல்பு மதிப்புகளே முதலில் காலை வாரும். நினைவகம் 512 எம்பிதான். ரெட்ஹேட் 9 நிறுவிக்கு அது போதாது, 4096 என்று கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் காத்திருப்பு 5 நிமிடம். நிறுவல் அதற்குள் முடியாது, 40 வையுங்கள். சிபியு மாதிரியைச் சொல்லாமல் விட்டால் கெர்னல் எழுந்த உடனே பேனிக் ஆகி நின்றுவிடலாம். ரெட்ஹேட் 9-க்கு எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு வசதித் தொகுப்பு, 10-க்கு வி3 தேவை. க்யூஇஎம்யூவின் அடிப்படை மாதிரியில் அவை இல்லை. 'ஹோஸ்ட்' என்று கொடுத்தால் சரியாகும், கட்டும் கணினியின் சிபியுவில் அவை இருக்கும்வரை.

கிக்ஸ்டார்ட் கிடைக்கவில்லை என்று நிறுவி நின்றால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். பேக்கர் 8000 முதல் 9000 வரை ஏதோ ஒரு போர்ட்டைப் பிடிக்கும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் ஒரே எண்ணாக வைத்து அந்த ஒன்றை மட்டும் திறந்தால் போதும். கேவிஎம் (வன்பொருள் உதவியோடு விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் லினக்ஸ் வசதி) இல்லாத சிஐ ரன்னரில் (தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினியில்) இதை ஓட்ட வேண்டாம். வெறும் எமுலேஷனில் நேரம் பல மடங்கு இழுக்கும்.

கடைசியில் துடைக்கும் வேலை உங்கள் தலையில். சர்வரின் தனி அடையாளம் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் காலியாக்குங்கள். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளை நீக்குங்கள், இல்லையேல் எல்லாச் சர்வருக்கும் ஒரே சாவி. சப்ஸ்கிரிப்ஷன் பதிவை விலக்கி, முதல் பூட்டில் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட்டின் தடயங்களையும் அழியுங்கள். கேவிஎம்மில் கட்டிய இமேஜ் விஎம்வேரில் டிராகட் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றால், இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும், டிராகட் உருவாக்கும் சிறு கோப்புத் தொகுப்பு), கட்டிய மெஷினின் டிரைவர்களோடு மட்டும் உருவாகியிருக்கிறது என்று பொருள். டிராகட்-கான்ஃபிக்-ஜெனரிக் பேக்கேஜை நிறுவி அதை மறுபடி உருவாக்குங்கள்.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் கருவிகளின் புதிய வெளியீடுகளை எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து, பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உள்ள பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியது; பேக்கரும் அவற்றில் ஒன்று. சொந்தச் சர்வர்களுக்குப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை. சட்டப் பிரிவு கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.

இமேஜ் பில்டர்

ரெட்ஹேட்டின் இந்தக் கருவியில் மெஷின் எதுவும் பூட் ஆவதில்லை. இதன் உள்ளே இருக்கும் ஆஸ்பில்டு கோப்பு மரத்தை நேராக ஆர்பிஎம் பேக்கேஜ்களிலிருந்து அடுக்குகிறது. அதனால் கேவிஎம் வேண்டாம், மேலே சொன்ன துடைப்பு வேலையும் பெரும்பாலும் மிச்சம். டாம்ல் வடிவப் புளூபிரிண்டில் (இமேஜில் என்ன இருக்க வேண்டும் என்ற கோப்பில்) பேக்கேஜ், பயனர், ஃபயர்வால், வட்டுப் பிரிவு ஆகியவற்றை எழுதி, கம்போசர்-சிஎல்ஐ கொண்டு புஷ், டெப்சால்வ் (சார்புப் பேக்கேஜ்களைக் கணக்கிடுதல்), கம்போஸ் ஸ்டார்ட் என்று போனால் க்யூகவ்2, விஎம்டிகே, ஏஎம்ஐ (கேவிஎம், விஎம்வேர், அமேசான் கிளவுடுக்கான இமேஜ் வடிவங்கள்) கிடைக்கும்.

கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி புஷ் செய்ய மறப்பது அடிக்கடி நடக்கும்; பழைய புளூபிரிண்டே சத்தமில்லாமல் கட்டப்படும். பதிப்பு எண்ணில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் ஒவ்வொரு கட்டுதலும் வேறு வேறு. பதிப்புகளை ஃப்ரீஸ் செய்து நிலைநிறுத்தலாம், ஆனால் ரெப்போவில் அந்தப் பழைய பதிப்பு இருந்தாக வேண்டும்; ரெப்போவின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து கட்டுவதே நம்பகமான வழி. முடிந்த கம்போஸ்களை நீக்காவிட்டால் வார் (/var) வட்டுப் பிரிவு நிரம்பிவிடும். ஓடும் சேவையிடம் பதிவு செய்து டோக்கன் வாங்கும் ஏஜென்ட் மாதிரியான வேலைகள் கட்டும்போது நடக்காது. அவற்றை முதல் பூட்டுக்குத் தள்ளுங்கள்.

பூட்சி

இதில் இயங்குதளமே ஒரு கன்டெய்னர் இமேஜ். கன்டெய்னர்ஃபைலில் (கட்டும் படிகளின் கோப்பில்) முழு இயங்குதளத்தையே எழுதி, போட்மேன் என்ற கன்டெய்னர் கருவியில் கட்டி, ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் சேமிப்பகத்தில்) வைக்கிறோம். முதல் வட்டை பூட்சி-இமேஜ்-பில்டர் செய்து தரும். அதன் பிறகு சர்வரில் 'பூட்சி அப்கிரேட்', ஒரு ரீபூட். கெட்டுப்போனால் 'பூட்சி ரோல்பேக்', இன்னொரு ரீபூட். மற்ற இரண்டும் சர்வர் எழுந்ததும் விலகிவிடும். பிறகு பேட்சுக்கு டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் மேலாளர்தான், கொஞ்சநாளில் சர்வர்கள் மறுபடி வேறுபடத் தொடங்கும். பேட்ச் வரை கூடவே வருவது பூட்சி மட்டுமே. புதிதாகத் தொடங்கும் ரெட்ஹேட் கூட்டத்துக்கு என் தேர்வு இதுதான்.

ஆனால் தெரிந்தே இறங்க வேண்டும். ரூட் இல்லாமல் கட்டிய இமேஜ் சூடோவில் ஓடும் பூட்சி-இமேஜ்-பில்டருக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேமிப்பிடம் வேறு. பயனரை எங்கும் குறிப்பிடாவிட்டால் எழுந்த சர்வருக்குள் நுழையவே வழியில்லை. அந்தப் பில்டர் தரும் அனகொண்டா-ஐஎஸ்ஓ (ரெட்ஹேட் நிறுவி அடங்கிய ஐஎஸ்ஓ) வகை எதையும் கேட்காமல் கண்ணில் பட்ட முதல் வட்டில் நிறுவும். தரவு வட்டுகள் மாட்டிய சர்வரில் அதை பூட் செய்யும் முன் அந்த வட்டுகளின் கேபிளைக் கழற்றுங்கள். வார் அடைவில் இமேஜ் வைத்த கோப்புகள் முதல் நிறுவலில் மட்டுமே போய்ச் சேரும், அப்கிரேடில் மாறாது. தானாக அப்டேட் செய்து ரீபூட் ஆகும் டைமர் அடிப்படை இமேஜில் இருந்தால், பராமரிப்பு நேரம் வகுத்திருக்கும் இடங்களில் கன்டெய்னர்ஃபைலிலேயே அதை மாஸ்க் செய்து முடக்கிவிடுங்கள்.

யூஎஸ்ஆர் (/usr) அடைவு எழுத முடியாதது. ஆப்ட் (/opt) அடைவும் பெரும்பாலும் அப்படியே. அங்கே லாக் எழுதும் வெளி நிறுவன ஏஜென்ட் உடைந்துபோகும். லாக் அடைவை வாருக்கு சிம்லிங்க் செய்து பாருங்கள். அதற்கும் மசியாத ஏஜென்ட் கட்டாயம் என்றால், அந்தச் சர்வர்களை மட்டும் இமேஜ் பில்டரில் விடுங்கள். விண்டோஸும் கலந்த கூட்டம் என்றால் பேக்கரில்.