பாலியில் ஒருநாள் சுற்றுலா: உபுட், பெடுகுல், காரங்காசெம் – எந்த வழி?

பாலித் தீவின் தெற்கே கூத்தா, செமின்யாக், நூசா துவா போன்ற கடற்கரைப் பகுதிகளில் தங்குபவர்களுக்கு, "பழங்கோயில்கள், கைவினைக் கிராமங்கள், அருவி" என்று ஒரே பெயரில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்கள் உண்மையில் மூன்று வெவ்வேறு வழித்தடங்களாகும். முதலாவது, உபுட்டைச் சுற்றியுள்ள கியான்யார் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது, வடக்கே பெடுகுல் மலைக்கு ஏறி, பெரத்தான் ஏரியைத் தொட்டு, அதற்கு அப்பாலுள்ள அருவிகளுக்கு இறங்குகிறது. மூன்றாவது, கிழக்கே அகுங் எரிமலையின் சரிவுகளை ஒட்டிக் காரங்காசெம் வரை நீள்கிறது. விளம்பரப் படங்களில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கோயில், கைவினை, அருவி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மெய்யாகவே காட்டக்கூடியது உபுட் வழி மட்டுமே என்பதும், மற்ற இரண்டும் மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பெயருக்குச் சேர்த்துக்கொண்டவை என்பதும் என் கருத்து. அதனால் அவை தாழ்ந்தவை என்று சொல்லவில்லை. அருவிக்காக மட்டும் போகிறவருக்கு வடக்கும், நெசவுக்காக மட்டும் போகிறவருக்கு கிழக்கும் உபுட்டைவிட மேலானவை.

முதலில் நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பாலியில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை, ஏழு மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஓட்டுநருடன் கூடிய வாடகைக் காரையும் பெரும்பாலும் பத்து மணி நேரக் கணக்கில்தான் தருகிறார்கள். கூத்தாவிலிருந்து உபுட்டுக்குப் போய் அங்கே சுற்றித் திரும்புவதற்கு, நெரிசலையும் சேர்த்து, ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் காரில் கழியும். பெடுகுலைத் தாண்டி அருவி வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரமும், லெம்புயாங் வரை கிழக்கே போய்த் திரும்ப ஐந்தரை முதல் ஆறு மணி நேரமும் ஆகிவிடும். பின்னிரண்டு வழிகளிலும் எஞ்சும் நான்கைந்து மணி நேரத்துக்குள் கோயிலில் படியேறி, பட்டறையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்து, அருவிக்கும் இறங்கி ஏறுவது என்பது பயணத் திட்டத்தின் தாளில் மட்டுமே நடக்கும்.

உபுட் வழியின் பலம் அதன் நெருக்கம். பக்கெரிசான், பெத்தானு என்ற இரண்டு ஆறுகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகின்றன. தீவின் மிகப் பழைய கல்வேலைப்பாடுகளில் பல இவ்விரு பள்ளத்தாக்குகளிலும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்திலும்தான் இருக்கின்றன. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்த எம்புல் ஊற்றுக்கோயிலும், 11ஆம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கப்பட்ட குனுங் காவியும் பக்கெரிசான் கரையில் உள்ளன. கோவா கஜா குகை பெத்தானுவை ஒட்டி அமைந்திருக்கிறது. தேவர்களை வணங்கக் கூடாதென்று தடைவிதித்த மாயதெனாவா என்ற அரசன் நீரில் நஞ்சு கலந்து இந்திரனின் படையை வீழ்த்தினான் என்றும், படையை எழுப்ப இந்திரன் நிலத்தைக் குத்தி வரவழைத்த ஊற்றே தீர்த்த எம்புல் என்றும், பின்னர் கொல்லப்பட்ட அந்த அரசனின் குருதியே பெத்தானு ஆறாக ஓடியது என்றும், ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு அந்நீரை வயலுக்குப் பாய்ச்சக் கூடாதென்று சாபம் விழுந்தது என்றும் அங்கே கதை வழங்குகிறது. இந்த வழியில் பலரும் இறுதியாகப் போய்ச் சேரும் தெகெனுங்கன் அருவி விழுவதும் அதே பெத்தானு ஆற்றில்தான். நல்ல வழிகாட்டி ஒருவர் காலையில் ஊற்றங்கரையில் கதையைத் தொடங்கி மாலையில் அருவியில் முடிப்பார். மற்ற இரு வழிகளிலும் இப்படி ஒரே சரடில் கோக்க முடிந்த இடங்கள் இல்லை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் பழகிய கண்ணுக்குப் பாலிக் கோயில்கள் முதலில் சற்று ஏமாற்றம் தரக்கூடும். கருவறை, மூலவர், தீபாராதனை என்ற ஒழுங்கு அங்கு இல்லை. திறந்த வெளியில் வரிசையாக நிற்கும் பீடங்களும் பல அடுக்குக் கூரைகொண்ட மேருக்களும் பெரும்பாலான நாள்களில் வெறுமையாகவே இருக்கும். கோயிலின் ஆண்டுவிழா நாளில் தெய்வங்கள் இறங்கிவந்து அவற்றில் அமர்வதாக நம்பிக்கை. கோவா கஜா இதற்கு ஒரு விலக்கு. அரக்க முகத்தின் வாய் போலச் செதுக்கிய வாசலில் குனிந்து நுழைந்தால், உள்ளே குகை இருபுறமும் பிரிகிறது. இடப்பக்க முனையில் கணேசரும், வலப்பக்க முனையில் ஒரே பீடத்தில் மூன்று லிங்கங்களும் இருக்கின்றன. 1954இல் தோண்டியெடுக்கப்பட்ட நீராடு குளங்கள் வெளியே உள்ளன. பார்க்க அரைமணி நேரம் போதும்.

குனுங் காவிக்கு அது போதாது. ஏறத்தாழ 300 படிகள் இறங்கினால், ஆற்றின் இரு கரைகளிலும் பாறைச் சுவரைக் குடைந்த மாடங்களுக்குள் ஏழு மீட்டர் உயரம்வரை எழும் கோயில் முகப்புகள் தெரியும். கிழக்குக் கரையில் ஐந்து, மேற்குக் கரையில் நான்கு, சற்றுத் தள்ளித் தனியே ஒன்று என மொத்தம் பத்து. உதயன அரசரின் குடும்பத்தினர் நினைவாக எழுப்பப்பட்டவை என்று கருதப்படுகின்றன. மாமல்லபுரத்தைப் பார்த்தவர்கள் உள்ளே மண்டபத்தைத் தேடுவார்கள். இங்கு மண்டபம் இல்லை, பாறையில் எழுந்த முகப்பு மட்டுமே. படிகளின் எண்ணிக்கையைக் காரணம் காட்டிப் பல சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் இதை விட்டுவிட்டு, அந்த நேரத்தைப் பத்தூர் எரிமலையைப் பார்த்தபடி இருக்கும் கிந்தாமணியில் பஃபே உணவுக்கும், புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் செய்யும் லுவாக் காப்பித் தோட்டத்துக்கும் ஒதுக்குகிறார்கள். முழங்கால் வலி இல்லாதவர்கள் இந்த மாற்றத்தை ஏற்கக் கூடாது. பத்தூர் எரிமலையின் காட்சி அழகானதுதான்; ஆனால் அதற்காக மேலும் வடக்கே ஏறி இறங்குவதில் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

கைவினையில் உபுட் வழி தருவது அதிகம், கெடுப்பதும் அதிகம். தென்பாஸாரிலிருந்து உபுட்டுக்குப் போகும் பழைய சாலையில் பத்துபுலானில் கற்சிற்பம், செலுக்கில் வெள்ளி, மாஸில் மரச்சிற்பம் என ஊருக்கு ஒரு தொழிலாக வரிசையில் வருகின்றன. சாலையோரத்துப் பெரிய விற்பனைக்கூடங்களில் வாசலருகே இரண்டு மூன்று பேர் வேலை செய்துகாட்டுவார்கள். ஐந்து நிமிடத்தில் உங்களைக் குளிரூட்டிய கடைக்குள் அனுப்பிவிடுவார்கள். அழைத்துவந்தவருக்கு அங்கே கழிவுத்தொகை உண்டு, அது விலையில் ஏறியிருக்கும். செலுக்கில் உட்தெருக்களுக்குள் இறங்கினால் வீட்டு முற்றத்திலேயே பட்டறை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக் கம்பியைப் பொடித் துண்டுகளாக நறுக்கிக் கரியின் மேல் வைத்துச் சூடுகாட்டும்போது, ஒவ்வொரு துண்டும் உருகித் தானாகவே உருண்டு மணியாவதையும், கடுகிலும் சிறிய அந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகட்டில் அடுக்கிப் பற்றவைப்பதையும் அங்கே அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். பாலி வெள்ளி நகைகளின் அடையாளமான மணிவேலைப்பாடு அதுதான். அந்த ஒரு வேலையை நிதானமாகப் பார்ப்பது, நான்கு ஊர்களில் நான்கு விற்பனைக்கூடங்களுக்குள் நுழைந்து வெளியேறுவதைவிட மேல். ஆகவே பயணத்தைப் பதிவுசெய்யும்போதே "ஒரே ஒரு கைவினைக் கிராமம், சிறிய பட்டறை, ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிடுவது நல்லது.

அருவிதான் இந்த வழியின் பலவீனம். தெகெனுங்கன் பெரிய உயரமில்லாதது. இன்று அதைச் சுற்றிலும் உணவகங்களும் ஊஞ்சல்களும் படமெடுக்கும் மேடைகளும் நிறைந்துவிட்டன. குற்றாலத்தில் நீராடிப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. அருகே பங்லி பகுதிக்குள் இருக்கும் திபுமானா அருவி ஓரளவு அமைதியானது; கூட்டம் பிடிக்காதவர்கள் பெத்தானுக் கதையை விட்டுக்கொடுத்து அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கிழக்கு வழியின் விளம்பரங்களில் முதலில் நிற்பது லெம்புயாங் கோயிலின் பிளந்த கோபுரவாசல். வாசலுக்கு முன்னே வானத்தைப் பிரதிபலிக்கும் ஏரி ஒன்று இருப்பதுபோல் படங்களில் தெரியும். அங்கே ஏரி கிடையாது. கைபேசிக் கேமராவின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து எடுக்கும் உத்தி அது. அந்தப் படத்துக்காக எண் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மலையுச்சியிலுள்ள முதன்மைக் கோயிலுக்கோ ஏறத்தாழ 1,700 படிகள் ஏற வேண்டும். ஒருநாள் பயணிகளில் அங்கே போகிறவர்கள் அரிது. அகுங் மலைச்சரிவிலுள்ள பெசாகி கோயில் தொகுதி நிச்சயமாகப் பெரியது. 1963ஆம் ஆண்டு வெடிப்பின்போது எரிமலைக் குழம்பு அதைத் தொடாமல் மிக அருகில் விலகிச் சென்றது. ஆனால் பல கட்டடங்களின் உள்முற்றங்களுக்குள் வழிபாட்டுக்கு வருகிறவர்களைத் தவிர மற்றவர்களை விடுவதில்லை, மதியத்துக்குள் மேகமும் சூழ்ந்துவிடும்.

இவை இரண்டையும் விட்டுவிட்டால் கிழக்கு வழியில் எஞ்சுவது தெங்கானன் என்ற ஒரு கிராமம். அந்த ஒன்றுக்காகவே இந்த வழியை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். ஜாவாவின் மஜபாகித் பேரரசின் செல்வாக்குக்கு முற்பட்ட வழக்கங்களைப் பேணும் பாலி ஆகா மக்களின் ஊர் இது. இந்திரனே இவர்களின் முதன்மைத் தெய்வம். இங்கே நெய்யப்படும் கெரிங்சிங் துணியில் பாவு, ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே முடிச்சுக் கட்டிச் சாயமேற்றி, தறியில் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி இழையை ஊசிமுனையால் நகர்த்தி நகர்த்தி நெய்கிறார்கள். குஜராத்தின் பட்டான் நகரத்துப் பட்டோலாவும் இதே இரட்டை முடிச்சுச் சாய முறைதான். நூலை மெழுகுக்கொட்டை எண்ணெயில் ஊறவைப்பது, அவுரியில் நீலமேற்றுவது, நுணா இனத்து மரத்தின் வேர்ப்பட்டையில் சிவப்பை மீண்டும் மீண்டும் ஏற்றுவது என்று ஒரு துணி முடிய ஆண்டுக்கணக்கு ஆகும். நீலச் சாயத்தை மட்டும் ஊருக்குள் போடக் கூடாதென்று விலக்கு இருப்பதால் அந்த வேலை பக்கத்து ஊரான புக்புக்கில் நடக்கிறது. விலை அதிகம், வாங்காமல் திரும்பினாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கிழக்கில் அருவி என்று சேர்க்கப்படுவது பெரும்பாலும் பங்லி பகுதியிலுள்ள துகாட் செபுங். பாறை இடுக்கின் மேலிருந்து ஒளிக்கற்றை நீரில் விழும் அந்தக் காட்சி காலை வேளையில் மட்டுமே கிடைக்கும். லெம்புயாங்கை முதலில் வைத்து அருவியைத் திரும்பும் வழியில் வைத்திருக்கும் திட்டத்தை எடுப்பவர்கள் இருண்ட பள்ளத்தைத்தான் பார்ப்பார்கள்.

வடக்கு வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெங்வியிலுள்ள தாமான் ஆயுன் கோயிலும் பெரத்தான் ஏரியின் உலுன் டானு கோயிலும் 17ஆம் நூற்றாண்டில் மெங்வி அரசரால் எழுப்பப்பட்டவை. "பழங்கோயில்" என்று விற்கப்பட்டாலும் உபுட் பக்கத்துக் கோயில்களைவிட அறுநூறு ஆண்டு இளையவை. 2005ஆம் ஆண்டின் 50,000 ரூபியா நோட்டில் இருந்த ஏரிக்கோயில் இதுவே. காலையில் நீர்மேல் மேருக்கள் நிற்பது கண்ணுக்கு விருந்து. மதியத்துக்குப் பிறகு பனிமூட்டம். கைவினைக் கிராமம் என்று சொல்லத்தக்க எதுவும் வழியில் இல்லாததால், சண்டிகூனிங் சந்தையில் பழம் வாங்குவதையே அந்தத் தலைப்பில் கணக்குக் காட்டுகிறார்கள். அருவிகளில் மட்டும் வடக்குக்கு ஈடில்லை. ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செகும்புல் தீவிலேயே கம்பீரமானது. ஆனால் உள்ளூர் வழிகாட்டியுடன் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஓடையைக் கடந்து போகவேண்டிய இடம் அது. ஏரிக்கோயிலையும் அதே நாளில் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும். கிட்கிட், பன்யுமாலா ஆகியவை ஒருநாள் கணக்குக்குப் பொருந்தும்.

எந்த வழியானாலும், பல விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் கூட்டு வேனைவிடத் தனிக் காரே உகந்தது; நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டுநரே வழிகாட்டி என்று சொல்லும் ஏற்பாடு வடக்கு வழிக்குப் போதும். உபுட் வழிக்கு அரசு அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் வழிகாட்டியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் குனுங் காவியிலும் கோவா கஜாவிலும் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கல்லை மட்டும் பார்த்துத் திரும்ப நேரும். கோயில்களில் ஆண், பெண் இருவருக்கும் இடுப்பில் சாரமும் அதன் மேல் கட்டும் ஒரு கச்சையும் கட்டாயம். மாதவிடாய் நாள்களில் பெண்கள் நுழையக் கூடாதென்ற அறிவிப்பும் வாசலிலேயே இருக்கும். சைவ உணவினர் சம்பலில் இறால் விழுது கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

பருவமும் முடிவை மாற்றும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் அருவிகள் செம்மண் நிறத்தில் பொங்கும், செகும்புல் இறங்குபாதை வழுக்கும்; அந்த மாதங்களில் உபுட் வழியே போய் அருவியை முற்றாக விட்டுவிடலாம். வயதான பெற்றோருடன் வருபவர்கள் தீர்த்த எம்புல், கோவா கஜா, செலுக் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டு நான்கு மணிக்கே தெற்கு நோக்கிக் கிளம்பினால் மாலை நெரிசலுக்கு முன்பாக விடுதி சேரலாம். இளைஞர்கள் காலை ஏழு மணிக்குள் கிளம்பி, கூட்டம் வருமுன் தீர்த்த எம்புலில் நீராடிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் குனுங் காவியின் படிகளை முடித்துக்கொள்ளட்டும்.