அக்கிக்கு மூன்று மாத்திரைகள்: எதிர்ப்பு சக்தி குறைந்தவர் எதைக் கேட்டு வாங்குவது?

"இதில் எது ஸ்ட்ராங்?" அக்கி வந்தவர்கள் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் என்ற மூன்று பெயர்களையும் கேள்விப்பட்டதும் முதலில் கேட்பது இதைத்தான். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், கீமோ எடுப்பவர், வருடக்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவர் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. வைரஸை அடக்குவதில் மூன்றும் ஏறக்குறைய சமம். எது ஒத்துவரும் என்பதை உங்கள் சிறுநீரகமும், மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே இருப்பவையும்தான் முடிவு செய்யும்.

மூத்தது அசைக்ளோவிர். இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் சாமர்த்தியம் இதுதான்: வைரஸ் புகுந்த செல்லுக்குள், வைரஸின் சொந்த நொதியே இதைத் தூண்டிவிடுகிறது. நோயில்லாத செல்லில் அந்த நொதி இல்லாததால் அங்கே மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஏற்கெனவே நொந்துபோன உடம்புகூட இதைத் தாங்குவது அதனால்தான். குறை என்னவென்றால், விழுங்கியதில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். அதை ஈடுகட்டப் பெரியவர்களுக்கு அக்கிக்கு 800 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஏற்கெனவே காலையும் இரவும் கை நிறைய மாத்திரை விழுங்குகிறவர் இன்னும் ஐந்து வேளையை எங்கே செருகுவார்? இரண்டாம் நாளே ஒரு வேளை விட்டுப்போகும்.

வாலசைக்ளோவிர் அதே மருந்துதான். வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். குடல் அதை உணவுச் சத்து என்று எண்ணி உள்ளே விடுகிறது, பிறகு ஒட்டு பிரிந்து அசைக்ளோவிர் வெளிவருகிறது. சுமார் 54 சதவீதம் ரத்தத்தில் சேர்வதால், 1 கிராம் வீதம் மூன்று வேளை போதும். ஃபாம்சைக்ளோவிர் வேறு மருந்து. உள்ளே போனதும் பென்சைக்ளோவிராக மாறும். 77 சதவீதம் சேரும். செல்லுக்குள் அசைக்ளோவிரைவிட அதிக நேரம் தங்கும். 500 மி.கி., மூன்று வேளை. காகிதத்தில் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் அசைக்ளோவிர் குடும்பத்துக்கு இருக்கும் நீண்ட அனுபவம் இதற்கு இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்றால் என் ஓட்டு வாலசைக்ளோவிருக்கே.

அந்த "சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்றால்" என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. மூன்றும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. நல்ல சிறுநீரகத்தில் அசைக்ளோவிரின் அளவு சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகும். சிறுநீரகம் வேலையே செய்யாவிட்டால் அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அளவைக் குறைக்காமல் கொடுத்தால் மருந்து தேங்கி மூளையைப் பிடிக்கும். நோயாளி பிதற்றுவார், இல்லாத ஆட்களைப் பார்ப்பார், நாக்கு குழறும், கை உதறும். வீட்டில் இருப்பவர்கள் காய்ச்சலால் வந்த பிதற்றல் என்றோ வயசு என்றோ நினைத்து அடுத்த வேளை மாத்திரையையும் கொடுப்பார்கள். வாலசைக்ளோவிரின் பலமே இங்கே பலவீனமாகிறது: நன்றாக ஏறுகிற மருந்து, தவறான அளவில் வேகமாகத் தேங்கவும் செய்யும்.

அளவைக் குறைக்க வேண்டிய எல்லை மூன்றுக்கும் ஒன்றல்ல. அக்கிக்கான வாலசைக்ளோவிர், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்ற கணக்கு) 50க்குக் கீழே போனதும் மூன்று வேளையிலிருந்து இரண்டாகும். 30க்குக் கீழே ஒரே வேளை. 10க்குக் கீழே அந்த ஒரு வேளையும் 500 மி.கி.தான். ஃபாம்சைக்ளோவிருக்கோ 60க்குக் கீழேயே குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். மெலிந்த முதியவருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவின் அளவை மட்டும் பார்த்தால் நார்மல் என்றே வரும். தசை குறைந்த உடம்பு அப்படித்தான் ஏமாற்றும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டீர்களா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு டயாலிசிஸ் முடிந்த பிறகுதான் மாத்திரை.

அக்கி வலிக்கு யாரையும் கேட்காமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இன்னொரு கண்ணி. உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதித்துக்கொண்டிருக்க, வலி மாத்திரையும் சேர்ந்தால் வைரஸ் மருந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். வலிக்கு வேறு மருந்து கேளுங்கள். தண்ணீர் குடியுங்கள், தண்ணீருக்குக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எதிர்ப்பு சக்தி இல்லை, அதனால் டபுள் டோஸ்" என்று வீட்டிலேயே முடிவெடுப்பவர்களும் உண்டு. நாளுக்கு 8 கிராம் வாலசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் உறுப்பு மாற்று, மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டுத் தட்டணுக்கள் சரியும் ஆபத்தான நிலை வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அக்கிக்கான 3 கிராம் அந்தக் கணக்கில் வராது.

ஒன்று கேட்கவில்லை என்று அடுத்ததற்கு மாறலாமா? பெரும்பாலும் வீண். மருந்தைத் தூண்டும் நொதியை வைரஸ் கைவிட்டுவிட்டால், ஒரே பூட்டின் மூன்று சாவிகளும் ஒன்றாகச் செல்லாக்காசாகும். அக்கி வைரஸின் உறவான ஹெர்பிஸ் வைரஸில், மருந்துக்கு அடங்காத இந்தக் குணம் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களிடம் 1 சதவீதத்துக்கும் கீழே. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் சுமார் 5 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிட்டும் வாரம் பத்து நாளில் புண் ஆறவில்லையென்றால் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அடுத்த கட்டம் ஃபாஸ்கார்னெட். அது மாத்திரை அல்ல, டிரிப்ஸ்.

கண்ணோரம் கொப்புளம், உடம்பின் பல பக்கங்களில் பரவல், மூச்சு வாங்குதல், மனக்குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் போட்டியே ரத்து. அசைக்ளோவிரை நேராக ரத்தத்தில் ஏற்ற வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும் என்ற விதியைக் கேட்டுவிட்டு, நான்காம் நாளில் "இனி எதற்கு" என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குப் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருக்கும்வரை மருந்து பயன் தரும்.

சில ஐரோப்பிய நாடுகளில் நான்காவதாக பிரிவுடின் கிடைக்கிறது. தினம் ஒன்றே ஒன்று என்பதால் கவர்ச்சி. ஆனால் கீமோ எடுப்பவர்களும் எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்டவர்களும் இதைத் தொடக்கூடாது. ஃப்ளோரோயூராசில், கேப்சிட்டபின் போன்ற புற்றுநோய் மருந்துகளை உடம்பு சிதைக்கவிடாமல் தடுத்து, அவற்றை விஷமாக்கிவிடும். இதன் நெருங்கிய உறவான சோரிவுடின் 1993இல் ஜப்பானில் இதே வழியில் உயிர்களைப் பறித்தது.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தாக்கும் இன்னொரு வைரஸான சி.எம்.வி.க்கு (சைட்டோமெகலோ வைரஸ்) இந்த மூன்றும் சரிவராது. அங்கே மோதுவது வால்கான்சைக்ளோவிரும் லெட்டர்மோவிரும். முன்னது வெள்ளை அணுக்களைக் குறைக்கும், உணவோடு சாப்பிட வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, கருவைப் பாதிக்கக்கூடியது. பின்னது மஜ்ஜையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, ஆனால் வந்த நோயைத் தீர்க்க அல்ல, வராமல் தடுக்கவே அனுமதி பெற்றது. முக்கியமாக, லெட்டர்மோவிர் ஹெர்பிஸையும் அக்கியையும் தொடாது. புது மாத்திரை வந்துவிட்டதே என்று அசைக்ளோவிரை நிறுத்துவது சுலபமாகச் செய்துவிடக்கூடிய தப்பு.

கோவிட் மாத்திரைகளில் போட்டி இன்னும் கூர்மை. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த முதல் ஆய்வுகளில் பாக்ஸ்லோவிட் மருத்துவமனை சேர்க்கையையும் மரணத்தையும் சேர்த்து 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறைத்தது; மோல்னுபிராவிர் சுமார் 30 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இரண்டாவதை ஏன் பார்க்க வேண்டும்? பாக்ஸ்லோவிட்டில் இருக்கும் ரிட்டோனாவிர்தான் காரணம். அது கல்லீரலின் நொதியை அடைத்துவிடுவதால், வழக்கமான அளவில் டாக்ரோலிமஸ் தொடர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். மோல்னுபிராவிருக்கு அந்தச் சண்டை எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் மட்டும் ஆகாது. இருந்தாலும் உறுப்பு மாற்று சிகிச்சைக் குழு போனில் கிடைத்து, டாக்ரோலிமஸை நிறுத்தி ரத்த அளவைப் பார்க்க முடிந்தால் நான் பாக்ஸ்லோவிட் பக்கம். முடியாதென்றால் மூன்று நாள் ரெம்டெசிவிர் டிரிப்ஸ். அதுவும் கிடைக்காதபோதுதான் மோல்னுபிராவிர். பாக்ஸ்லோவிட் ஐந்து நாளில் முடிந்தாலும் ரிட்டோனாவிரின் பிடி இன்னும் சில நாள் இருக்கும். டாக்ரோலிமஸை எந்தத் தேதியில் எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.