பழைய அல்பங்களைப் பிரதியெடுக்கும் யாழ்ப்பாண நிலையம்: வேலை திறம், மெருகூட்டல் வேண்டாம்

கலியாணப் படங்களுக்குப் பெயர்பெற்ற, கஸ்தூரியார் வீதியை அண்டிய ஸ்டூடியோ ஒன்று இப்போது பழைய அல்பங்களைக் கணினிப் பிரதிகளாக்கியும் தருகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தொடக்ககாலப் பேஸ்போல் அணிகளைக் காட்டும், ஷிக்காகோவிலிருந்து மைத்துனர் ஏலத்தில் எடுத்தனுப்பிய அல்பத்தை அவர்களிடம் ஒப்படைத்தேன்.

படமெடுத்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. கறுப்புத் தாள்களில் மூலைகள் செருகிய படங்களைக் கழற்றாமல், அல்பத்தை விரித்தபடியே வைத்து மேலிருந்து கமராவால் எடுத்தார்கள். பழைய படங்களின் கருநிழலில் ஏறியிருக்கும் வெள்ளி மினுக்கம் கண்ணைக் கூசாதபடி விளக்குகளை இருபுறமும் சாய்த்து வைத்தது, தொழில் தெரிந்தவர்களின் வேலை.

ஆனால், கேட்காமலே செய்யும் கணினி மெருகூட்டலை என்னால் ஏற்க முடியவில்லை. முகங்கள் பளிச்சிட்டன, மேற்சட்டை எழுத்துகளோ மென்பொருள் கற்பித்த கோடுகளாக மாறியிருந்தன. இது சிறிய விடயமன்று. 1895இல் மிச்சிகன் மாநிலத்து ஏட்ரியனில் விளையாடிய பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ், 1902இல் தோன்றிய பிலடெல்பியா ஜயன்ட்ஸ், கறுப்பின வீரரும் அணி முகாமையாளருமான ரூப் ஃபொஸ்டர் 1911இல் அமைத்த ஷிக்காகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் எனப் பல அணிகள் ஒரே பின்னொட்டைச் சூடியிருந்தமையால், நெஞ்சிலுள்ள மற்ற எழுத்துகளே அணியையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். 1885இல் உருவான கியூபன் ஜயன்ட்ஸ் வீரர்கள் கியூபர்களே அல்லர் என்பதால், பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஃபொஸ்டரின் முயற்சியால் 1920இல் கன்சாஸ் சிற்றியில் நீக்ரோ நஷனல் லீக் அமையும்வரை நின்றுபிடித்த லீக் எதுவும் கறுப்பின வீரர்களுக்கு இருக்கவில்லை. ஆட்டப் பதிவுகள் சிதறிக் கிடக்கும் அக்காலத்துக்கு இத்தகைய படங்களே சாட்சி.

முறையிட்டதும் மெருகூட்டாத மூலக் கோப்புகளை மேலதிகக் கட்டணமின்றித் தந்தார்கள். கொடுக்கும்போதே பற்றுச்சீட்டில் ‘திருத்த வேண்டாம்’ என்று எழுதுவித்துக்கொள்வது நல்லது. அங்கே விற்கும் பிளாஸ்டிக் உறைகளை வாங்காதீர்கள். மாரிகாலத்து ஈரத்தில் அவை படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற தாளுறை கொழும்பிலிருந்து வரவழைத்தாலும் தகும்.

வடக்கின் பெருஞ்சமர் என்னும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியில் ஆடிய அப்பப்பாவின் குழுப்படம் வீட்டில் இருப்பவர்களும் தயங்காமல் இங்கே கொடுக்கலாம். படத்தின் கீழ் அட்டையில் அச்சிட்ட பெயர்வரிசையை வெட்டாமல் முழுமையாக எடுக்கும்படி மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விளிம்போடு நறுக்கிவிடுகிறார்கள்.